டைகர் மொத் கிட்டை ஜிப்சி மொத் ஆக்கும்போது வரும் பிழைகள்: எதைப் பார்ப்பது, எப்படித் திருத்துவது

எயார்ஃபிக்ஸ் கம்பனியின் 1/72 அளவு டைகர் மொத் பிளாஸ்டிக் மொடல் கிட்டை வைத்து ஒரு ஜிப்சி மொத் செய்யலாம். இரண்டும் பழைய இரட்டைச் சிறகு விமானங்கள், ஒரே குடும்பம். டி ஹவிலண்ட் என்ற பிரித்தானிய விமானக் கம்பனியின் டி.எச்.60 மொத் (ஜிப்சி மொத் இதன் ஒரு வகை) முதலில் பறந்தது 1925 பெப்ரவரி 22, அதிலிருந்து வளர்ந்த டி.எச்.82 டைகர் மொத் 1931 ஒக்டோபர் 26. வால், சிறகு நுனியின் வளைவு, கீழ்ச் சிறகில் மட்டும் இருக்கும் எயிலரோன் (விமானத்தை இடம் வலம் சரிக்கும் அசையும் பலகை) எல்லாம் சொந்தக்காரரின் முகச்சாடை போல ஒத்துப்போகும். அதனாலேதான் இது சுலபமான வேலை என்று நினைத்து இறங்குகிறோம், அப்புறம் பாதியில் ஏதோ ஒன்று இடிக்கிறது, எது என்று பிடிபடுவதில்லை.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து இப்படி மூன்று செய்தேன். மூன்றிலும் விட்ட பிழைகளைக் குறியை வைத்து எழுதுகிறேன். உங்கள் மேசையில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பிழைக்கு மருந்து அதில்தான் இருக்கிறது.

பழைய மொத்தில் மேல் சிறகின் நடுத்துண்டு முன் இருக்கைக்கு நேர் மேலே நிற்கும். பரசூட்டோடு முன்னால் இருப்பவர் அவசரத்தில் வெளியே பாய அது இடைஞ்சல். பிரித்தானிய விமானப்படைக்குப் பயிற்சி விமானமாகக் கொடுக்க வேண்டும் என்றபோது டி ஹவிலண்ட் அந்த நடுத்துண்டை முன்னால் தள்ளினார்கள். சிறகு முன்னால் போனால் தூக்கும் விசையும் முன்னால் போய்ச் சமநிலை கெடும், அதைச் சரிக்கட்டச் சிறகுகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ஆக, டைகரின் சிறகுச் சாய்வும், நடுத்துண்டைத் தாங்கும் முன்னால் சாய்ந்த நடுத்தூண்களும் அந்த ஒரு முடிவில் இருந்து வந்தவை. நாங்கள் செய்வது அந்த முடிவைத் திருப்பிப் போடுவது. ஒன்றை மட்டும் திருப்பி மற்றதை விட்டுவிட்டால் விமானம் இரண்டுங்கெட்டானாக நிற்கும்.

குறி: மூக்கை மாற்றியாயிற்று, நிறமும் அடித்தாயிற்று, ஆனாலும் டைகராகவே தெரிகிறது

இதுதான் எல்லாருக்கும் முதலில் வருவது. மேலே இருந்து பாருங்கள். ஒரு இரும்பு அடிமட்டத்தை மேல் சிறகின் முன் விளிம்போடு ஒட்டி வையுங்கள். நடுவில் தொட்டு நுனியில் இடைவெளி விட்டால் சாய்வு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். ஜிப்சி மொத்தின் சிறகு நேரானது, அடிமட்டம் முழு நீளத்துக்கும் தொட வேண்டும்.

திருத்தம்: நடுத்துண்டு முடிந்து சிறகு தொடங்கும் கோட்டில், இரண்டு பக்கமும், மெல்லிய வாளால் அறுங்கள். கத்தியால் அமத்தி வெட்டினால் விளிம்பு பிதுங்கும். அறுத்த சிறகின் நுனியை முன்னால் தள்ளி நேராக்கினால் வேரில், அதாவது அறுத்த இடத்தில், ஒரு ஆப்பு வடிவ இடைவெளி விழும், முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் அகன்று. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த இடைவெளி எங்களுக்குத் தேவையானதுதான். கணக்கைப் பாருங்கள்: டைகரின் சிறகு அகலம் 8.94 மீற்றர், 1/72இல் 124.2 மில்லிமீற்றர். டி.எச்.60ஜி ஜிப்சி மொத்தின் அகலம் 9.14 மீற்றர், அதாவது 127 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 1.4 மில்லிமீற்றர் கூட்ட வேண்டும். ஆகவே வேரில் வைக்கும் பிளாஸ்டிக் துண்டு முன் விளிம்பில் 1.4 தடிப்பாகவும் பின் விளிம்பில் உங்கள் இடைவெளி கேட்கும் அளவுக்குத் தடிப்பாகவும் இருந்தால், சாய்வும் போகும், அகலமும் வந்துவிடும். கீழ்ச் சிறகுக்கும் இதையேதான் செய்ய வேண்டும். நான் முதலாவதில் மேல் சிறகை மட்டும் நேராக்கிவிட்டுக் கீழ்ச் சிறகை மறந்தேன், சிறகிடைத் தூண்கள் ஒன்றும் பொருந்தவில்லை, ஒரு கிழமை தூணைத்தான் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

சாய்வு போயும் இன்னும் டைகர் போலவே இருந்தால் பக்கவாட்டில் பாருங்கள். நடுத்தூண்கள் முன்னால் படுத்திருக்கும். மொத்தில் அவை கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், நடுத்துண்டு முன் இருக்கைக்கு மேலே வரும். கிட்டின் தூண்களை வளைக்கப் போக வேண்டாம், உடையும். பழைய துளைகளை அடைத்துவிட்டுப் புதிய தூண் வெட்டி நிறுத்துங்கள். நடுத்துண்டுக்குள்தான் பெற்றோல் தாங்கி இருக்கிறது. அந்தத் தடிப்பான வடிவம் மொத்திலும் உண்டு, தேய்த்துப்போட்டுவிடாதீர்கள்.

குறி: மூக்கு மேலும் கீழும் மாறிப்போன மாதிரி இருக்கிறது

டைகரில் எஞ்சின் தலைகீழ். சிலிண்டர்கள் கீழே தொங்கும், புரொப்பெல்லர் தண்டு உயரத்தில் இருக்கும், மேலே மூக்கு ஒடுங்குவதால் விமானிக்கு முன்னால் நன்றாகத் தெரியும். ஜிப்சி மொத்தில் இருப்பது நிமிர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சின். தண்டு கீழே, சிலிண்டர் தலைகள் மேலே, அதுவும் மூடிக்குள் முழுதாக மறையாமல் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். காற்றாலே குளிர வேண்டிய எஞ்சின் அது.

கிட்டின் மூக்கை அறுத்துத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, செய்தும் பார்த்தேன். தண்டின் உயரம் சரியாக வந்தது, ஆனால் மேல்பக்கம் மூடிய பெட்டியாகத் தெரிந்தது, சிலிண்டர் நீட்டாத மொத் மொத்தே இல்லை. ஆகவே மூக்கை எஞ்சின் தடுப்புச் சுவரோடு வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் குறுக்கு வழியும்.

சிலிண்டருக்கு நான் செய்வது: பாகங்கள் ஒட்டியிருக்கும் கிட் சட்டத்தின் உருண்டைத் தண்டில் 1.6 மில்லிமீற்றர் அளவு மெல்லிசான இடத்தை எடுத்து, பழுதான மின்விசிறி மோட்டரில் இருந்து கழற்றிய மெல்லிய செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டு சுப்பர் குளூ ஓடவிட்டு, காய்ந்தபின் நான்கு துண்டாக வெட்டுவது. கம்பியின் ஒவ்வொரு சுற்றும் ஒரு குளிர்த் தகடு. மங்கலான கறுப்பை அடித்து, உலர் தூரிகையில் வெள்ளியைத் தொட்டும் தொடாமலும் தடவினால், ஒரு பல்லி முட்டையை விடச் சிறிய அந்தச் சாமானில் தகடு தகடாக ஒளி விழும். முழு விமானத்திலும் எனக்குப் பிடித்த இடம் இதுதான், இதற்கு ஒரு முழுப் பின்னேரத்தை ஒதுக்குங்கள்.

குறி: புரொப்பெல்லர் நிலத்தில் முட்டுகிறது

புரொப்பெல்லர் தண்டு தேவைக்கு அதிகமாக இறங்கிவிட்டது. வால் நிலத்தில் இருக்கும்போது இது தெரியாது. ஒட்டுவதற்கு முன்பே வாலுக்குக் கீழே நெருப்புப்பெட்டி வைத்து உடலைப் பறக்கும் நிலைக்கு நிமிர்த்திப் பாருங்கள். நுனிக்கும் மேசைக்கும் இடையில் 3 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கைத்தான் திருத்த வேண்டும். சக்கரக் காலை நீட்டிச் சமாளித்தால் கொக்கு மாதிரி நிற்கும்.

குறி: வைத்த பிளாஸ்டிக் துண்டு நகத்தால் தட்டினாலே கழன்று வருகிறது

இங்கே பிளாஸ்டிக் தகடு கடையில் கேட்டால் கிடைக்காது. நாங்கள் எல்லாரும் யோகட் கப்பை வெட்டுகிறோம், அது நல்ல வழிதான், ஆனால் எல்லாக் கப்பும் ஒன்றில்லை. கப்பைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் பொலிஸ்டைரீன், கிட்டும் அதே சாதி, மொடல் பசை இரண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். 5 என்றால் பொலிப்ரொப்பிலீன், சாதாரணப் பசை எதற்கும் மசியாது, ஒட்டின மாதிரி இருந்து நிறம் அடிக்கும் நேரம் பார்த்துக் கழலும். எண் இல்லாவிட்டால் ஒரு மூலையில் பசை ஒரு துளி விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தொடுங்கள், பிசுபிசுத்து நூல் விட்டால் எடுக்கலாம்.

ஏற்கெனவே 5ஐ வைத்து ஒட்டி மேலே புட்டியும் பூசிவிட்டீர்கள் என்றால், மனசைத் திடமாக்கிக்கொண்டு கழற்றுங்கள். சுப்பர் குளூ விட்டுப் பிடித்துவைக்கலாம் என்று பார்த்தேன், நிற்கவில்லை.

குறி: உடலின் பக்கம் விலா எலும்பு தெரிகிற மாதிரி இருக்கிறது

டைகரின் உடல் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குத் துணி போர்த்தியது. டி.எச்.60ஜியின் உடல் ஒட்டுப்பலகைப் பெட்டி, பக்கங்கள் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். கிட்டின் பக்கங்களை நனைத்த அரத்தாளால் தட்டையாகத் தேயுங்கள். விரலில் தாளைச் சுற்றித் தேய்த்தால் குழிவிழும், ஒரு மரக்கட்டையில் ஒட்டித் தேய்க்க வேண்டும். இந்த வேலை பிடிக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது: 1928இல் வந்த டி.எச்.60எம் செய்யுங்கள். அது உலோகச் சட்டத்துக்குத் துணி போர்த்திய மொத், தேய்க்கத் தேவையில்லை.

வாலுக்கு முன்னால் உடலின் மேல் விளிம்பில் இரண்டு மெல்லிய தகடு நீட்டி இருந்தால் அதையும் வெட்டுங்கள். அது சுழல் வீழ்ச்சியைத் தடுக்க யுத்த காலத்தில் டைகருக்குப் பூட்டியது, 1930 காலத்து ஜிப்சி மொத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

குறி: முன்னால் இருந்து பார்த்தால் ஒரு சிறகு உயரம், ஒரு சிறகு பள்ளம்

முதலில் சிறகு முறுகியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மேசையில் போட்டால் ஒரு மூலை தூக்கும். சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே இறாக்கையில் கிட்டை வைத்தால் இது நடக்கத்தான் செய்யும். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர் எடுத்து, கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அரை நிமிடம் அமிழ்த்தி, கண்ணாடியில் வைத்து இரண்டு கனமான புத்தகத்தை மேலே வைத்து ஆறவிடுங்கள்.

சிறகு நேர், ஆனாலும் விமானம் கோணல் என்றால் பிழை ஒட்டிய விதத்தில். இரட்டைச் சிறகு விமானத்தைக் கையில் பிடித்து ஒட்டி நேராக வந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கரம் போர்ட்தான் தளம். தட்டையானது, கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து, நடுவில் வட்டமும் இருக்கிறது. உடலின் நடுக்கோட்டைப் பலகையின் நடுக்கோட்டில் நிறுத்தி, கீழ்ச் சிறகின் இரண்டு நுனிக்கும் ஒரே எண்ணிக்கையில் சீட்டுக்கட்டுச் சீட்டுகளை அடுக்கி, பசை இறுகும்வரை அசைக்காமல் விடுங்கள். ஒரு சீட்டு கூடினாலும் கண்ணுக்குத் தெரியும். அடுத்த நாள்தான் மேல் சிறகு. நடுத்தூண் நான்கும் இறுகாமல் வெளித்தூண் பக்கம் போகவே வேண்டாம். எனக்கு அவசரம் பிடித்து அன்றைக்கே வைத்த விமானம் இன்னும் அலமாரியில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

குறி: கண்ணாடியில், நிறத்தில் வெள்ளைப் பனி படர்ந்திருக்கிறது

இரண்டு வேறு நோய், ஒரே குறி. காற்றுத்தடுப்புக் கண்ணாடியைச் சுற்றி விரல் ரேகை மாதிரிப் புகை படிந்திருந்தால் அது சுப்பர் குளூவின் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. கண்ணாடித் துண்டுக்கு மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும், காய்ந்தால் தெளிந்துவிடும்.

முழுச் சிறகும் பால் ஊற்றின மாதிரி வெளுத்தால் அது மாரி காலத்து வேலை. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும்போது லக்கர் விசிறினால், தின்னர் ஆவியாகிற வேகத்தில் மேற்பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரம் அதில் பிடித்துக்கொள்கிறது. மழை விட்டு வெயில் எறிக்கிற ஒரு மத்தியானம் பார்த்து, வெறும் தின்னரை மெல்லிய தூவலாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளியும். கச்சான் நாளில் இதற்கு மாறாக நடக்கும், நிறம் சிறகைத் தொடுவதற்குள் காய்ந்து மணல் மாதிரிச் சொரசொரக்கும். அந்த மாதங்களில் நான் காலை ஏழு மணிக்கு முன் அடித்து முடித்துவிடுவேன்.

குறி: சிறகுக் கம்பிகள் தொய்கின்றன

நூலில் கட்டினால் நூலின் மயிர் தெரியும், செம்புக் கம்பி ஒருமுறை கை பட்டால் வளைந்துபோகும். எங்கள் ஊரில் இதற்குத் தங்கூசி என்ற நைலோன் மீன்பிடி நூலை விட நல்ல சாமான் இல்லை, கிடைப்பதில் மிக மெல்லிசாகப் பார்த்து வாங்குங்கள். நான் அதை வீணை நரம்பு மாதிரி இழுத்து இழுத்துக் கட்டி, ஒரு பக்கம் இறுக மறுபக்கம் தொய்ய, நுனி முறுகி நிற்கிறதைப் பக்கத்து வீட்டில் வலை பொத்துகிற மாமா பார்த்துக்கொண்டு நின்றார்.

“இழுத்துக் கட்டாத மகன். சும்மா தொய்ய விட்டுக் கட்டு, மறுகா சூடு காட்டினா தானா இறுகும்.”

“அறுந்திராதா மாமா?”

“கிட்டக் கொண்டுபோகாத. சூடு மட்டும் படணும்.”

அன்றிலிருந்து அப்படித்தான். மேல் சிறகில் 0.3 மில்லிமீற்றர் துளையிட்டு, ஒட்டுவதற்கு முன்பே தங்கூசியின் ஒரு நுனியை அங்கே பசைவைத்து நிறுத்திவிடுகிறேன். சிறகு ஏறியபின் மறு நுனியைக் கீழ்த் துளையால் எடுத்து, உடுப்பு காயப்போடும் கிளிப் ஒன்றைத் தொங்கவிட்டால் அந்தப் பாரம் போதும், ஒட்டி, காய்ந்தபின் பிளேட்டால் வெட்டுவது. எல்லாம் முடிந்தபின் கொளுத்திய ஊதுபத்தியைக் கம்பிக்கு ஒரு விரல் தள்ளி வைத்து மெதுவாக ஓட்டுங்கள். தொய்ந்த கோடு கண்ணுக்கு முன்னால் நேராவதைப் பார்க்கலாம். இடது வலது என்று மாறி மாறிப் போக வேண்டும், ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சிறகு இழுபட்டுவிடும்.

குறி: பதிவெழுத்து ஸ்டிக்கர் சுற்றிவர மினுங்குகிறது, அல்லது ஒட்டும்போதே உடைகிறது

மங்கலான நிறத்துக்கு மேலே ஒட்டினால் அடியில் காற்றுப் பிடித்து மினுங்கும், பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசிவிட்டு ஒட்டுங்கள். ஆனால் உங்கள் மொத்துக்கு வேண்டிய எழுத்து கிட்டில் இருக்கவே இருக்காது. அதற்காகத்தான் நான் மூன்றாவதை ஜேசன் ஆக்கினேன். பெண் விமானி ஏமி ஜோன்சன் 1930 மே 5 அன்று இங்கிலாந்தின் குரொய்டனில் இருந்து தனியே புறப்பட்டு மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினாரே, அந்த ஜிப்சி மொத். பச்சை உடல், வெள்ளிச் சிறகு, பதிவு ஜி-ஏஏஏஎச். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: மூன்று ஏ, ஒரு எச், எல்லாம் நேர்கோடு. வளைவு ஜி ஒன்றில்தான். மறைப்பு நாடாவை அடிமட்டம் வைத்து வெட்டி ஒட்டி, நிறத்தை அடித்துவிட்டால் எழுத்து வந்துவிடும், ஸ்டிக்கரே தேவையில்லை. நாடாவை நிறம் முழுதாகக் காய முன் மெல்ல உரியுங்கள், காய்ந்தபின் உரித்தால் விளிம்பு பிய்யும்.

ஜேசன் என்பது ஏமியின் அப்பாவுடைய மீன் வியாபாரத்தின் வர்த்தகக் குறி. மீன் வாடையோடு வளர்ந்த எனக்கு அந்தப் பெயரின் மேல் தனிப் பாசம். அசல் விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது, படங்கள் நிறையக் கிடைக்கும், புகைக்குழாய் எந்தப் பக்கத்தால் போகிறது என்பதையெல்லாம் அந்தப் படங்களைப் பார்த்தே செய்யுங்கள், நினைவில் இருந்து செய்ய வேண்டாம்.

குறி: ஜேசன்தான், ஆனாலும் ஏதோ குறைகிறது

முன் இருக்கையைத் திறந்து விட்டிருப்பீர்கள். நீண்ட பயணத்துக்கு அங்கே மேலதிக பெற்றோல் தாங்கி வைத்திருந்தார்கள். ஒரு மெல்லிய தகட்டை வளைத்து அந்த வாயை மூடுங்கள். அப்புறம் உடலின் பக்கத்தில் ஏமி ஒரு உதிரிப் புரொப்பெல்லரையும் கட்டிக்கொண்டு போனார். ரங்கூனுக்குப் பக்கத்தில் இன்செயினில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்கி வாய்க்காலுக்குள் மூக்குக் குத்தியபோது அதுதான் கைகொடுத்தது. கிட் சட்டத்தின் தண்டில் இருந்து அதைச் செதுக்கி, கபில நிறம் பூசி, இரண்டு இடத்தில் நூல் சுற்றி உடலோடு கட்டுங்கள். முடிச்சு உட்பக்கம் இருக்கட்டும்.